கில்லீஸை நேரில் பார்க்க: டிஎன்பிஎல் சீசன், மைதானம், பயணம் பற்றி ஒரு விமர்சனம்

தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற டிஎன்பிஎல் இருபது ஓவர் போட்டியில் அதிகம் கோப்பை வாங்கிய அணி சென்னையின் சேப்பாக் சூப்பர் கில்லீஸ். 2016இல் தொடங்கிய போட்டி, கொரோனா வருடமான 2020ஐ விட்டுவிட்டால், 2025 வரை ஒன்பது சீசன் நடந்திருக்கிறது. அதில் கில்லீஸ் ஐந்து முறை இறுதி ஆட்டம் வரை போய், நான்கு கோப்பை தூக்கியிருக்கிறது. அடுத்த இடத்தில் இருக்கும் கோவைக்கு இரண்டுதான், அதிலும் ஒன்று கில்லீஸோடு பங்கு போட்டுக்கொண்டது. இத்தனை கோப்பை வாங்கிய அணியை அதன் சொந்த ஊர்க்காரர்கள் சொந்த மைதானத்தில் பார்க்க முடிவது அபூர்வம். 2022, 2023, 2025 ஆகிய மூன்று சீசன்களிலும் சேப்பாக்கத்தில் ஒரு டிஎன்பிஎல் ஆட்டம்கூட இல்லை. 2021இல் எல்லா ஆட்டமும் சேப்பாக்கத்திலேயே நடந்தது, ஆனால் கொரோனா கட்டுப்பாட்டால் ரசிகர் யாருக்கும் அனுமதி இல்லை. 2024இல் இறுதி ஆட்டம் இங்கே வந்தது, அதில் ஆடியவை திண்டுக்கல்லும் கோவையும்.

ஆகவே இந்த அணியின் ரசிகராக இருப்பதில் பாதி வேலை பயணம். எந்த ஊருக்கு எப்படிப் போவது, எங்கே உட்காருவது, மழை வந்தால் என்ன ஆகும், இதெல்லாம் தெரியாமல் கிளம்பினால் பணமும் இரவுத் தூக்கமும் போகும். தெரிந்துகொண்டு கிளம்பினால், ஐபிஎல்லில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். அடுத்த வருடம் இந்தியாவுக்கோ ஐபிஎல்லுக்கோ ஆடப்போகும் பையனை இருபது கஜம் தள்ளி நின்று பார்க்கலாம்.

முதலில் அணியின் கதை. அது தெரிந்தால்தான் ஆட்டத்தில் உப்பு இருக்கும். கில்லி என்பது கிட்டிப்புள்ளில் பறக்கிற அந்தச் சின்னக் கட்டை. சென்னைப் பேச்சில் கெட்டிக்காரனையும் கில்லி என்போம். ஆனால் முதல் வருடம் கில்லி பறக்கவில்லை. 2016 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் தூத்துக்குடி அணியான டூட்டி பேட்ரியாட்ஸ் 2 விக்கெட்டுக்கு 215 ரன் குவித்தது. கில்லீஸ் 93 ரன்னில் சுருண்டு 122 ரன் வித்தியாசத்தில் தோற்றது. சொந்த மைதானத்தில், சொந்தக் கூட்டத்துக்கு முன்னால் இப்படி ஒரு தோல்வி. அடுத்த வருடம் அதே மைதானம், அதே எதிரணி, அதே இறுதி ஆட்டம். ராஜகோபால் சதீஷ் தலைமையில் கில்லீஸ் 6 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துக் கணக்கைத் தீர்த்தது.

இந்த நான்கு கோப்பைகளில் கிரிக்கெட் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பப் பேச வேண்டியது 2019. ஆகஸ்ட் 15ஆம் தேதி, சேப்பாக்கம், எதிரே திண்டுக்கல் டிராகன்ஸ். முதலில் ஆடிய கில்லீஸ் எடுத்தது 126. இருபது ஓவர் ஆட்டத்தில் அது தோற்கிற ஸ்கோர். ஆனால் சேப்பாக்கம் ஆடுகளத்தில் பந்து மட்டைக்கு மெதுவாகத்தான் வரும். அடிக்க முடியாத ஸ்கோர் என்று ஒன்று இங்கே கிடையாது, அவசரப்பட்டால் தொட முடியாத ஸ்கோர் உண்டு. அன்றைக்கு ஜி. பெரியசாமி 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். கில்லீஸ் 12 ரன்னில் ஜெயித்தது.

பெரியசாமியின் பந்துவீச்சை நேரில் பார்க்கக் கிடைத்தால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கை காதை ஒட்டி மேலே போகாது. தோளுக்குப் பக்கவாட்டில், கவண் சுழற்றுவதுபோல் சுழன்று வரும். பேட்ஸ்மேன் பழக்கத்தில் நடுவரின் தலைக்கு மேலே பந்தைத் தேடுவான், பந்தோ நடுவரின் தோள் உயரத்தில் இருந்து கிளம்பும். பந்து விடுபடும் இடம் தாழ்ந்திருப்பதால் யார்க்கர் காலடியில் சறுக்கி வரும், துள்ளாது. பேட்டை இறக்க அரை நொடி தாமதமானால் ஸ்டம்ப் போயிற்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர் இவர். இந்தியாவுக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின் ஊரும் அதுதான். ஒரே கிராமத்திலிருந்து இரண்டு யார்க்கர் வீச்சாளர்கள் என்பது தற்செயல் அல்ல, நடராஜன் ஊர்ப் பையன்களைக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்ததன் பலன்.

2019 முதல் கேப்டன் பொறுப்பு கௌஷிக் காந்திக்கு. பயிற்சியாளர் ஹேமங் பதானி. 2021 இறுதி ஆட்டத்தில், ரசிகர் இல்லாத மைதானத்தில், கில்லீஸின் ஜெகதீசன் 90 ரன் அடித்தார். திருச்சி வாரியர்ஸ் 8 ரன் தூரத்தில் நின்றுபோனது. அடுத்த வருடம் விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்தவரும் இதே ஜெகதீசன்தான். இப்படி ஒரு ஆளை முன்கூட்டியே பார்த்துவிட்டோம் என்ற திருப்திக்காகவே டிஎன்பிஎல் பார்க்கலாம்.

2022 கோப்பை பாதிக் கோப்பை. கோவையில் இறுதி ஆட்டம், மழையால் 17 ஓவராகக் குறைத்தார்கள். கோவை 138 எடுத்தது. கில்லீஸ் 4 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 14 ரன் எடுத்திருந்தபோது மறுபடியும் மழை, அதோடு ஆட்டம் முடிந்தது. இருபது ஓவர் ஆட்டத்தில் முடிவு அறிவிக்க இரண்டாவது ஆடும் அணி குறைந்தது 5 ஓவராவது ஆடியிருக்க வேண்டும். ஒரே ஒரு ஓவர் குறைந்ததால் கோப்பை இரண்டாகப் பிரிந்தது. 14க்கு 2 என்ற நிலையில் அந்த ஐந்தாவது ஓவர் போடப்பட்டிருந்தால் கில்லீஸ் கையில் கோப்பை இருந்திருக்காது. கில்லீஸ் ரசிகர்களும் இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

2025 அதைவிட வலித்தது. பாபா அபராஜித் தலைமையில் லீக் சுற்றின் 7 ஆட்டத்தையும் ஜெயித்து முதலிடம். பிளே ஆஃப் வந்ததும் திருப்பூரிடம் தோல்வி, அடுத்து திண்டுக்கல்லிடம் தோல்வி, ஊருக்கு பஸ். திருப்பூரின் கேப்டன் சாய் கிஷோர், கில்லீஸில் வளர்ந்த இடக்கைச் சுழல் வீச்சாளர். பவர் பிளே எனும் முதல் ஆறு ஓவரில் பந்தைக் கொடுத்தாலும் ரன்னைக் கட்டிப்போடும் உயரமான ஆள். அவரை விட்டதற்கு என்ன விலை என்பது அந்தச் சீசனில் தெரிந்தது. கோப்பையும் அவர் கைக்கே போயிற்று.

ஆள் மாறுவதற்குக் காரணம் ஏலம். 2023க்கு முன்னால் டிராஃப்ட் முறையில் வரிசைப்படி ஆள் எடுத்தார்கள். 2023இல் ஏலம் வந்தது. சாய் சுதர்சனை கோவை 21.60 லட்சத்துக்கு எடுத்தது அந்த முதல் ஏலத்தில்தான், அப்போது அவருடைய ஐபிஎல் சம்பளமே 20 லட்சம். வெளிநாட்டு வீரர் கிடையாது, எல்லோரும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் என்பதால் ஒரு அணியிலிருந்து போகிறவன் எதிர் அணியில்தான் வந்து நிற்பான். ஆகவே சீசன் தொடங்கும் முன் அணிப் பட்டியலைப் புதிதாகப் படித்துவிட்டுப் போங்கள், போன வருட ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

இனி பயணம். எட்டு அணி, ஒவ்வொன்றுக்கும் 7 லீக் ஆட்டம், முதல் நான்கு பிளே ஆஃபுக்கு. இரவு ஆட்டம் வழக்கமாக 7.15க்கு, இரண்டு ஆட்டம் இருக்கும் நாளில் முதல் ஆட்டம் 3.15க்கு. இரவு ஆட்டம் முடிய பதினொன்று ஆகும். இந்த ஒரு விவரத்தைக் கணக்கில் எடுக்காததுதான் சென்னையிலிருந்து போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு. அன்றிரவே திரும்பி விடலாம் என்று டிக்கெட் போட்டு, பதினெட்டாவது ஓவரில் எழுந்து ஓடுவார்கள்.

ஆட்டம் நடக்கும் கோவை, சேலம், திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய நான்கு ஊர்களில் எளிது கோவை. எஸ்என்ஆர் கல்லூரி மைதானம் நகரத்துக்குள்ளேயே, அவிநாசி சாலையில் லட்சுமி மில்ஸைத் தாண்டினால் வரும் நவ இந்தியாவில் இருக்கிறது. ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் போதும். ஆட்டம் முடிந்தும் ஆட்டோ கிடைக்கும், தங்க அறை பக்கத்திலேயே கிடைக்கும். குறை ஒன்றுதான், வானிலை. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து வரும். 2022இல் நடந்ததைப் பார்த்தோமே. மெல்லிய மழைக்கோட்டு கட்டாயம் வேண்டும். குடை உதவாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், காற்றில் திருப்பிக்கொள்ளும்.

சேலம் என்று அட்டவணையில் போட்டிருந்தால் சேலத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். மைதானம் இருப்பது வாழப்பாடியில், சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர் முன்னால். கிளாம்பாக்கத்திலிருந்து சேலம் போகும் பஸ் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக வாழப்பாடியைக் கடந்துதான் போகும். ஏறும்போதே கண்டக்டரிடம் வாழப்பாடியில் நிற்குமா என்று கேட்டுவிடுங்கள். சில வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் போய்விடும். சேலம் வரை போய்த் திரும்பி வருவதில் ஒன்றரை மணி நேரம் வீண். தங்குவதற்கு மட்டும் சேலம்தான் சரி, ஆட்டம் முடிந்து திரும்ப வண்டியை முன்பே பேசி வையுங்கள். 2020இல் திறந்த மைதானம் இது, கிராமத்துக் கூட்டம் குடும்பம் குடும்பமாக வரும். ஆரவாரத்தில் நான்கு ஊரிலும் இதற்குத்தான் என் முதல் மதிப்பெண்.

திண்டுக்கல் என்பதும் அதேபோல. என்பிஆர் கல்லூரி மைதானம் நத்தத்தில். நத்தத்துக்கு ரயில் கிடையாது. திண்டுக்கல்லில் இறங்கியும் போகலாம், மதுரையில் இறங்கியும் போகலாம், தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மதுரையைத்தான் சிபாரிசு செய்கிறோம். 2023இல் திறந்த 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தால் நகர நெரிசலைத் தாண்டுவது சுலபமாகிவிட்டது. நள்ளிரவில் வந்து இறங்கினாலும் மதுரையில் சூடாக ஏதாவது சாப்பிடக் கிடைக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பிக் காலையில் மதுரை சேரும். பகலில் போக வந்தே பாரத், வைகை இரண்டும் உண்டு. எழும்பூரில் கட்டுமான வேலை நடப்பதால் சில ரயில்கள் கிளம்பும் இடம் மாறியிருக்கிறது. ஏறுமிடம் எழும்பூரா தாம்பரமா என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.

திருநெல்வேலியில் ஆட்டம் சங்கர் நகர் சிமெண்ட் ஆலை மைதானத்தில், தாழையூத்துப் பக்கம். ஜங்ஷனிலிருந்து மதுரை சாலையில் சுமார் 10 கிலோமீட்டர். நெல்லை எக்ஸ்பிரஸில் போனால் பகல் முழுக்க கையில் இருக்கும். ஆனி மாதக் காற்று இங்கே மைதானத்தில் பெரிய ஆட்டக்காரன். காற்று வீசும் பக்கம் தூக்கினால் தப்பான ஷாட்டும் சிக்ஸர், எதிர்ப்பக்கம் தூக்கினால் நல்ல ஷாட்டும் எல்லைக்கோட்டில் கேட்ச். கேப்டன் சுழல் வீச்சாளருக்கு எந்த முனை கொடுக்கிறார் என்று பாருங்கள். காற்றை எதிர்த்து வீசும் முனையில்தான் பந்து மிதந்து இறங்கும்.

மழை நின்று ஓவர் குறைந்தால் செல்போனில் டக்வொர்த் லூயிஸ் கணக்குப் பார்க்காதீர்கள். டிஎன்பிஎல்லில் இலக்கைத் திருத்துவது விஜேடி முறையில். கேரளப் பொறியாளர் ஜெயதேவன் உருவாக்கிய கணக்கு அது, இரண்டும் ஒரே எண்ணைத் தராது. பக்கத்து இருக்கைக்காரரோடு சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான். ஸ்கோர் போர்டில் வரும் எண்தான் கடைசி. நடுவர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கும் டிஆர்எஸ்ஸும் 2023 முதல் இருக்கிறது. அந்த வருடம் மூன்றாவது நடுவர் டிஆர்எஸ்ஸில் கொடுத்த தீர்ப்பையே எதிர்த்து அஸ்வின் மறுபடியும் டிஆர்எஸ் கேட்டதும் இந்தப் போட்டியில்தான்.

சேப்பாக்கத்துக்கு ஆட்டம் வந்தால் விடக் கூடாது. 1934 நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்த மண் அது. சென்னை மாகாண அணி மைசூரை ஒரே நாளில் தோற்கடித்தது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் இங்கேதான். உள்ளூர்ப் பையன் ஒருவன் இங்கே பந்து போடும்போது அந்த நினைவெல்லாம் கூடவே வருகிறது. 2011இல் கட்டிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் அனுமதிச் சிக்கலில் பல வருடம் பூட்டிக் கிடந்தன. 2023 மார்ச்சில் கலைஞர் ஸ்டாண்ட் திறந்த பிறகு மைதானம் முழுசாகத் தெரிகிறது.

போக மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையம், அங்கிருந்து வாலாஜா சாலையில் நடை. பறக்கும் ரயிலில் வந்தால் சேப்பாக்கம் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. டிக்கெட்டில் எந்த கேட் என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து இறங்கும் பக்கத்தை முடிவு செய்யுங்கள். தப்பான கேட்டுக்குப் போனால் மைதானத்தை முழுக்கச் சுற்றி வர வேண்டும். பைக்கில் வருகிறவர்கள் ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டிவிட்டு வர வேண்டும். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், பெரிய பை எதையும் உள்ளே விட மாட்டார்கள், கேட்டில் வாங்கி வைக்க ஆளும் கிடையாது. சட்டைப்பையில் அடங்குவதை மட்டும் எடுத்து வாருங்கள். சாப்பாட்டை ஆட்டத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளலாம். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி, மீன் வேண்டுமென்றால் மைதானத்துக்குப் பக்கத்திலேயே நாயர் மெஸ்.

இருக்கை எடுக்கும்போது எதைப் பார்க்கப் போகிறோம் என்று யோசியுங்கள். பந்து வீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தால் ஸ்விங்கும் சுழலும் தெரியும். ஸ்கொயர் பக்கம் உட்கார்ந்தால் பந்து எங்கே குத்துகிறது, எவ்வளவு எழும்புகிறது, ரன் அவுட்டில் பேட் கோட்டைத் தாண்டியதா என்பது தெரியும். சுழல் எவ்வளவு என்று அங்கிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஃபீல்டிங் வியூகம் பிடித்தவர்கள் மேல் அடுக்குக்குப் போகலாம். 3.15 ஆட்டமென்றால் மேற்கே பார்த்த இருக்கை வேண்டாம், ஐந்து மணி வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் இருக்கிறது. தமிழ் வர்ணனை நன்றாகவே இருக்கிறது. ஆனால் டிவியில் ஃபீல்டர் எங்கே நிற்கிறான் என்பது தெரியாது, அதுதான் இந்த ஆட்டத்தில் பாதி. அதைச் சென்னையிலேயே காசில்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் முதல் டிவிஷன் லீக், பாளையம்பட்டி ராஜா ஷீல்டுக்காக நடப்பது. கில்லீஸில் பார்க்கும் முகங்களில் பலவற்றை ஜாலி ரோவர்ஸ், விஜய், இந்தியா பிஸ்டன்ஸ் மாதிரியான கிளப்புகளில் வெள்ளை உடையில் பார்க்கலாம். வேளச்சேரி குரு நானக் கல்லூரி, போரூர் ராமச்சந்திரா, காலவாக்கம் எஸ்எஸ்என் என்று கல்லூரி மைதானங்களில் நடக்கும். கேட்டில் அடையாள அட்டை கேட்பார்கள். நிழலும் குடிநீரும் நம் பொறுப்பு. பெரிய ஸ்கோர் போர்டை எதிர்பார்க்கக் கூடாது.

அதனால் ஒரு ஸ்கோர் புத்தகம் கையில் இருந்தால் நல்லது. கோடு போட்ட நோட்டே போதும். பேட்ஸ்மேனுக்கு ஒரு வரி, பவுலருக்கு ஒரு வரி, ஓவருக்கு ஒரு கட்டம். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, வைடுக்குக் கூட்டல் குறி, நோ பாலுக்கு வட்டம், பைக்கு முக்கோணம், லெக் பைக்குத் தலைகீழ் முக்கோணம். புதியவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். வைடு பேட்ஸ்மேன் ஆடிய பந்துக் கணக்கில் சேராது, நோ பால் சேரும். ஓவர் கணக்கில் இரண்டுமே சேராது. வைடும் நோ பாலும் பவுலர் கொடுத்த ரன்னில் ஏறும், பையும் லெக் பையும் ஏறாது. இன்னிங்ஸ் முடிந்ததும் பவுலர்கள் கொடுத்த ரன்னோடு பை, லெக் பையைக் கூட்டினால் அணியின் மொத்தம் வர வேண்டும். பேட்ஸ்மேன்கள் ஆடிய பந்துகளைக் கூட்டி அதிலிருந்து நோ பாலைக் கழித்தால், முழு இருபது ஓவர் ஆட்டத்தில் 120 வர வேண்டும். 119 வந்தால் எங்கேயோ ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. விக்கெட் விழுந்து எல்லோரும் எழுந்து நின்ற ஓவரை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.